இடது காலுக்கு வேலையில்லை: கியர்ப் பெட்டி பற்றிய ஒரு நூற்றாண்டு விவாதம்

சில மாதங்களுக்கு முன்னர் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்திற்கு ஏ-9 வீதி வழியாகக் காரொன்றில் பயணம் செய்தேன். காரை ஓட்டியவர் முன்னொரு காலத்தில் என்னோடு ஒரே பத்திரிகை அலுவலகத்தில் பணியாற்றிய நண்பர். பின்னாசனத்தில் அவருடைய மருமகன் அமர்ந்திருந்தார். ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த அந்த இளைஞர் விடுமுறைக்காக வந்திருந்தார். ஆனையிறவைத் தாண்டும்போது அவர் முன்னே குனிந்து, கியர்த் தண்டைப் பார்த்துச் சிரித்தார்.

"மாமா, ஓட்டோ ஓடுறதெல்லாம் ஒரு ஓட்டமே? மனுவல் ஓடினாத்தான் கார் ஓடின மாதிரி."

நண்பர் வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தம்பி, இதிலை இடது காலுக்கு வேலையில்லை. அதாலைதான் நான் இஞ்சாலை இருக்கிறன். இல்லையெண்டால் நான் பின்னுக்கு, நீர்தான் முன்னுக்கு" என்றார்.

இளைஞர் மௌனமானார். 2009 ஆம் ஆண்டில் வன்னியில் வீழ்ந்த எறிகணையொன்று நண்பரின் இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோயிருந்தது. பொருத்துக்காலோடு அவர் நடப்பார். ஆனால் கிளச்சை அளவறிந்து மிதிக்கவும் விடவும் அந்தக் காலால் முடியாது.

வீடு திரும்பிய பின்னரும் அந்த உரையாடல் என்னை விட்டு அகலவில்லை. மனுவலா, ஓட்டோவா, இன்று பரவலாகிவிட்ட சீ.வீ.ரீ. எனப்படும் தொடர்மாறு கியரா என்ற விவாதம், நம்மவர் கூடும் கலியாண வீடுகளிலும் கராஜ்களிலும் ஓயாமல் நடக்கின்றது. அது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. மோட்டார்க்காரின் வயதே இந்த விவாதத்தின் வயது. அதன் வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்த்தால், அங்கே இயந்திரத்தைக் காட்டிலும் மனிதர்களைப் பற்றிய செய்திகளே அதிகம் கிடைக்கின்றன.

முதலில், கியர் எதற்கு என்ற கேள்வி. பெற்றோல் எஞ்சினுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. நின்ற நிலையிலிருந்து அது இழுக்காது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தால்தான் அதற்கு வலு. மிக மெதுவாகச் சுழன்றால் நின்றுவிடும். அளவுக்கு மீறிச் சுழன்றால் உடைந்துவிடும். ஆனால் சில்லுகளோ சுழிய வேகத்திலிருந்து நெடுஞ்சாலை வேகம்வரை மாறிக்கொண்டேயிருக்கின்றன. இந்த இரண்டுக்குமிடையில் ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகரே கியர்ப் பெட்டி. மனுவல், ஓட்டோ, சீ.வீ.ரீ. ஆகிய மூன்றும் அந்தத் தரகு வேலையைச் செய்யும் மூன்று முறைகள்.

இன்னுமொரு கியர் வேண்டுமென்ற முதற் கோரிக்கைகளில் ஒன்று ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. 1888 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஜேர்மனியில் பேர்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமலே அவர் உருவாக்கிய மூன்று சில்லு மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, தம் இரண்டு மகன்மாருடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தூரம். சமதரையில் வண்டி ஓடிற்று. மேட்டு நிலம் வந்தபோது எஞ்சினின் இழுவை போதவில்லை. பிள்ளைகள் இறங்கித் தள்ளவேண்டியதாயிற்று. திரும்பி வந்த அவர், மலையேறுவதற்கென இன்னுமொரு கியர் தேவையென்று கணவரிடம் கூறினார். கார்ல் பென்ஸ் அவ்வாறே சேர்த்தார். வரலாறு பதிவு செய்துள்ள முதல் நெடுந்தூர மோட்டார்ப் பயணமே கியரின் குறையைக் கண்டுபிடித்த பயணமாகவும் அமைந்துவிட்டது.

இன்று நாம் மனுவல் என்றழைக்கும் முறையின் தந்தையாகக் கொள்ளப்படுபவர் பிரான்ஸ் நாட்டின் எமீல் லெவாஸோர். 1890களின் முற்பகுதியில், வெவ்வேறு அளவான பற்சில்லுகளை ஒரு தண்டின்மீது வழுக்கிச் சென்று ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளச் செய்யும் பொறிமுறையை அவர் மோட்டார்க்காரில் புகுத்தினார். சுழன்றுகொண்டிருக்கும் இரண்டு இரும்புச் சில்லுகளை ஒன்றோடொன்று மோதவைத்துப் பொருத்தும் வேலை அது. 'முரட்டுத்தனமானதுதான், ஆனால் வேலை செய்கிறது' என்ற பொருள்பட அவரே கூறியதாக ஒரு செய்தி வழங்குகின்றது. 1895 இல் பரிஸ்-போர்தோ-பரிஸ் ஓட்டப் போட்டியில் ஏறத்தாழ 48 மணித்தியாலங்கள் தாமே ஓட்டி முதலாவதாக வந்து சேர்ந்தவரும் அவர்தான்.

முரட்டுத்தனம் என்ற சொல் பொருத்தமானதே. அந்தக் காலத்துக் கியரை மாற்றுவதற்குத் தனிக் கல்வி வேண்டியிருந்தது. கிளச்சை ஒருமுறை மிதித்து நடுநிலைக்குக் கொண்டுவந்து, விட்டு, எஞ்சினின் சுழற்சியைச் சத்தத்தால் மதிப்பிட்டு, மீண்டும் மிதித்து அடுத்த கியருக்குச் செல்லவேண்டும். ஒரு கணம் தவறினால் பற்கள் உரசும் ஓசை ஊருக்கே கேட்கும். ஆகவே செல்வந்தர் காரை வாங்கினர். அதனை ஓட்டச் சம்பளத்துக்கு ஒரு சாரதியை வைத்துக்கொண்டனர். சாரதி என்பவர் ஒரு கைவினைஞர். அவருடைய காதும் காலும் கையும் சேர்ந்து பெற்ற பயிற்சிக்கு ஒரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பு நியாயமானது. ஆனால் அதிலிருந்தே இன்னோர் எண்ணமும் பிறந்தது: கடினமாக இருந்தால்தான் அது ஓட்டம், இலகுவாக்கினால் அது ஓட்டமல்ல.

அந்த எண்ணத்தைப் பொருட்படுத்தாதவர் ஹென்றி போர்ட். 1908 இல் வெளிவந்த அவருடைய 'மொடல் ரீ' காரில் வழுக்குப் பற்சில்லுகள் இல்லை. ஒரு மையச் சில்லைச் சுற்றிச் சிறு சில்லுகள் கோள்களைப் போலச் சுழலும் பொறிமுறையே அதில் இருந்தது. சில்லுகள் எப்போதும் கோத்தபடியே இருக்கும். மிதிபலகையை அழுத்தினால் ஒரு பட்டி இறுகி, வேகம் மாறும். முன்னோக்கி இரண்டே வேகங்கள். பற்களின் உரசல் இல்லை. விவசாயிகளும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் அதனைத் தாமே ஓட்டினர். 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான கார்கள் விற்பனையானதற்கு விலை மலிவு தலையாய காரணமென்பது உண்மை. சாரதியை வைத்திராமலே ஓட்டக்கூடிய இலகுவும் அதற்குத் துணை நின்றது.

அமெரிக்காவில் அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தவர் ஏர்ல் தொம்ஸன் என்ற பொறியியலாளர். கோக்கப்படவேண்டிய இரண்டு சில்லுகளையும் முதலில் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்து, பின்னர் கோக்கச் செய்யும் 'சிங்ரோமெஷ்' முறையை அவர் வடிவமைத்தார். 1928 இல் கடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. இன்று மனுவலே உண்மையான ஓட்டம் என்று சொல்வோர் அனைவரும் ஓட்டுவது, அக்காலப் பழஞ்சாரதிகள் பயிற்சியால் செய்ததைத் தானே செய்து தரும் இந்த இலகுவாக்கப்பட்ட மனுவலைத்தான். இதை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு.

அதே தொம்ஸன் அடுத்து கிளச் மிதிபலகையையே நீக்கும் முயற்சியில் இறங்கினார். அதற்கு வேண்டிய ஓர் அடிப்படை ஜேர்மனியில் ஏற்கெனவே தயாராகியிருந்தது. கப்பல்களின் சுழலிகளுக்காக ஹேர்மன் ஃபொட்டிங்கர் என்பவர் 1905 இல் காப்புரிமை பெற்ற திரவ இணைப்பு அது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் இயக்கினால், அதன் காற்றில் மற்றையதும் சுழலத் தொடங்குமல்லவா? காற்றுக்குப் பதிலாக எண்ணெயைக் கொண்டு அதையே செய்தால் எஞ்சினும் சில்லும் இரும்பால் பிணைக்கப்படாமலே ஒன்றையொன்று இழுக்கும். வண்டி நின்றாலும் எஞ்சின் நிற்காது. இந்தத் திரவ இணைப்பையும் போர்ட் பாவித்ததைப் போன்ற கோள் பற்சில்லுகளையும் சேர்த்து, எண்ணெய் அழுத்தத்தால் தானே கியர் மாற்றும் 'ஹைட்ரா-மெற்றிக்' என்ற பெட்டியை ஜெனரல் மோட்டோர்ஸ் உருவாக்கியது. 1940 ஆம் ஆண்டு மொடலாக வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அது விற்பனைக்கு வந்தது.

பின்னர் யுத்தம் வந்தது. கார் உற்பத்தி நின்றது. ஆனால் ஹைட்ரா-மெற்றிக் நிற்கவில்லை. இரண்டு கடிலாக் எஞ்சின்களையும் இரண்டு ஹைட்ரா-மெற்றிக் பெட்டிகளையும் கொண்ட 'எம்-5' இலகு தாங்கிகள் போர்க்களம் சென்றன. யுத்தம் முடிந்ததும், போர்க்களத்தில் சோதிக்கப்பட்டது என்பதே அதன் விளம்பரமாயிற்று. சோம்பேறிகளின் பெட்டி என்ற கேலிக்கு அது நல்ல பதிலாகவும் அமைந்தது.

ஆனால் யுத்தத்தின் இன்னொரு விளைவே என் மனத்தில் நிற்பது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கால் கைகளை இழந்து அமெரிக்காவுக்குத் திரும்பினர். 1946 இல் அமெரிக்கக் காங்கிரஸ், யுத்தத்தில் கால்களை இழந்த அல்லது அவற்றின் பயன்பாட்டை இழந்த வீரர்கள் கார் வாங்குவதற்கு 1,600 டொலர்வரை அரசாங்கமே வழங்க வழிசெய்தது. ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ஹைட்ரா-மெற்றிக் பொருத்திய கார்களில் வேண்டிய மாற்றங்களைச் செய்து, இவர்களுக்கென்றே ஒரு திட்டத்தை நடத்தியது. இரண்டு கால் வேண்டிய இடத்தில் ஒரு கால் போதும் என்றாகிவிட்டதனால் வீட்டு மூலையில் முடங்கவிருந்த பலர் மீண்டும் வேலைக்குச் சென்றனர். மனுவலா, ஓட்டோவா என்ற விவாதத்தில் ஈடுபடுவோர் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் புரட்டுவதில்லை.

1950களில் அமெரிக்கர்களில் பெரும்பான்மையினர் ஓட்டோவுக்கு மாறினர். 1952 முதல் ரோல்ஸ்-ரொய்ஸ் நிறுவனமே தன் கார்களுக்கு ஹைட்ரா-மெற்றிக்கை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் மிச்சிகனின் லிவோனியாவிலிருந்த ஹைட்ரா-மெற்றிக் தொழிற்சாலை தீயில் அழிந்தபோது, கடிலாக் உட்படப் பல கார்களின் உற்பத்தி தடுமாறியது. அந்த அளவுக்கு அப்பெட்டி அமெரிக்க மோட்டார்த் தொழிலின் உயிர்நாடியாகிவிட்டிருந்தது.

பிரித்தானியர் வேறொரு நடுவழியைக் கண்டனர். முதலாம் உலக யுத்தத்தில் தாங்கியை உருவாக்கியவர்களில் ஒருவரான வோல்ற்றர் வில்சன், முன்தெரிவுக் கியர் என்ற முறையை வடிவமைத்தார். அடுத்து வேண்டிய கியரைச் சாரதி முன்கூட்டியே சிறு தண்டொன்றால் தெரிந்து வைத்துக்கொள்வார். வேண்டிய தருணத்தில் இடது கால் மிதியை அழுத்தி விட்டதும் அது மாறிவிடும். நாள் முழுவதும் நின்று நின்று செல்லும் நகர பஸ் சாரதிகளுக்கு இது பெரும் ஆறுதல். இலண்டனின் புகழ்பெற்ற 'ஆர்.ரீ.' இரட்டைத்தட்டு பஸ்களில் திரவ இணைப்போடு சேர்ந்து இந்தப் பெட்டியே இருந்தது. நம் நாட்டுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பு ஏற்படுவது இங்கேதான். 1958 இல் உருவான இலங்கைப் போக்குவரத்துச் சபை, இலண்டன் கழித்துவிட்ட இந்த ரக பஸ்களைப் பெருந்தொகையாக வாங்கிற்று. சிவப்பு இரட்டைத்தட்டுகள் கொழும்பு வீதிகளில் ஓடியதை நினைவில் வைத்திருக்கும் மூத்தவர்கள் இன்றும் உளர்.

ஓட்டோவின் கதை புகழ் மட்டுமே நிறைந்ததல்ல. அதன் தொடக்க காலத்தில் எந்த இடத்தில் எந்தக் கியர் என்பதற்கு ஒரு பொது ஒழுங்கு இருக்கவில்லை. ஹைட்ரா-மெற்றிக்கில் குறைந்த வேகக் கியருக்கு அடுத்ததாகவே பின்னோக்கிச் செல்லும் கியர் இருந்தது. இடையில் நடுநிலை இல்லை. முன்னே செல்வதாக நினைத்து அக்சிலேற்றரை மிதித்தவர்களின் கார்கள் பின்னே பாய்ந்தன. ஒரு காரிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் காருக்கு மாறியவர்களுக்கு ஆபத்து மேலும் அதிகம். 1965 இல் ரால்ஃப் நேடர் எழுதிய, மோட்டார் நிறுவனங்களின் கவனயீனத்தைச் சாடிய நூல் இந்தக் குழப்பத்தையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1968 முதல் அமெரிக்காவில் முன்னோக்கிய கியருக்கும் பின்னோக்கிய கியருக்குமிடையே நடுநிலை இருந்தே ஆகவேண்டுமெனச் சட்டம் வந்தது. நம் கார்களில் இன்று காணும் பார்க், றிவேர்ஸ், நியூற்றல், ட்ரைவ் என்ற வரிசை அந்தச் சட்டத்தால் உறுதிப்பட்டது. உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற வரிசை அது.

ஐரோப்பாவில் மனுவலே நிலைத்தது. அதற்கு வீம்பு மட்டும் காரணமல்ல. அங்கே எஞ்சின்கள் சிறியவை. பெற்றோல் விலை அதிகம். அக்கால ஓட்டோவின் திரவ இணைப்பில் எப்போதும் ஓரளவு வழுக்கல் இருந்தது. எஞ்சின் உண்டாக்கும் வலுவில் ஒரு பகுதி எண்ணெயைச் சூடாக்குவதிலேயே வீணாயிற்று. பெரிய அமெரிக்க எஞ்சின் அந்த இழப்பைத் தாங்கும். சிறிய ஐரோப்பிய எஞ்சின் தாங்காது. 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது மனுவல்காரரின் வாதம் மேலும் வலுப்பெற்றது. விலையும் குறைவு, எரிபொருளும் மிச்சம், திருத்துவதும் இலகு. இந்த மூன்று வாதங்களும் அன்று முழு உண்மையே. பிரித்தானியாவில் ஓட்டோவில் சோதனை சித்தியடைந்தவருக்கு மனுவல் ஓட்டும் அனுமதி கிடையாது என்ற விதி இன்றும் உண்டு. இலண்டனில் வாழும் நம்மவரில் பலர் இதனாலேயே இரண்டாம் முறையும் சோதனைக்குச் சென்றிருக்கின்றனர்.

மூன்றாவது கட்சியான சீ.வீ.ரீ.யின் தாயகம் ஒல்லாந்து. ஐந்தோவன் நகரில் பட்டறை தொடங்கிப் பெரிய தொழிற்சாலையாக வளர்த்த ஹுப் வான் டோர்ன் என்பவர், பற்சில்லே இல்லாமல் வேகத்தை மாற்றமுடியாதா என்று சிந்தித்தார். 1958 இல் ஆம்ஸ்ரடாம் கண்காட்சியில் அவருடைய 'டாஃப் 600' என்ற சிறு கார் காட்சிக்கு வந்தது. அதன் தத்துவம் எளிமையானது. இரண்டு கப்பிகள், ஒவ்வொன்றும் எதிரெதிராக வைத்த இரண்டு கூம்புகளால் ஆனது, இடையே ஒரு றப்பர்ப் பட்டி. கூம்புகள் நெருங்கினால் பட்டி விளிம்புக்கு ஏறும். விலகினால் உள்ளே இறங்கும். ஒரு கப்பியில் ஏறும்போது மற்றையதில் இறங்கும். முதலாவது, இரண்டாவது என்ற படிகள் இல்லை. ஏணிக்குப் பதிலாகச் சாய்தளம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பொறியியல் நோக்கில் அது அழகான தீர்வு. சமூகமோ சிரித்தது. கிழவிகளின் கார் என்றும், பெண்களின் காலுறையைப் பிடிக்கும் இழுபட்டியால் ஓடும் கார் என்றும் ஒல்லாந்தர் கேலி செய்தனர். முன்னே செல்லும் வேகத்திலேயே பின்னேயும் செல்லும் ஆற்றல் அதற்கு இருந்ததனால், பின்னோக்கி ஓடும் போட்டிகளில் அது வேடிக்கைப் பொருளாயிற்று. அந்தக் கேலியைப் பொய்யாக்க அந்நிறுவனம் பட்டியில் ஓடும் ஓட்டக் கார்களைப் பந்தயத்திலும் இறக்கியது. 1968 இல் இலண்டனிலிருந்து பம்பாய் வழியாகச் சிட்னி வரையான நெடும் போட்டியிலும் ஒரு டாஃப் கலந்துகொண்டது. எனினும் சந்தையில் கேலியே வென்றது. 1975 இல் டாஃப் கார்ப் பிரிவு சுவீடனின் வொல்வோவிடம் சென்றது.

வான் டோர்ன் ஓயவில்லை. றப்பர்ப் பட்டிக்குப் பதிலாக, நூற்றுக்கணக்கான மெல்லிய உருக்குத் துண்டுகளை உருக்கு வளையங்களில் கோத்து ஒரு பட்டியை உருவாக்கும் வேலையைத் தொடங்கிவைத்தார். பட்டி என்றால் இழுப்பதுதானே வழக்கம், இது தள்ளுவது. அவர் 1979 இல் காலமானார். 1987 இல் அந்த உருக்குப் பட்டியோடு ஜப்பானில் சுபாறு ஜஸ்ற்றியும், ஐரோப்பாவில் போர்ட் ஃபியெஸ்ராவும் ஃபியற் யூனோவும் வெளிவந்தன.

1993 இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இந்த விவாதத்தின் உச்சம் எனலாம். போர்முலா வண் பந்தயத்தில் அன்று முன்னணியில் நின்ற வில்லியம்ஸ் அணி, தன் பந்தயக் காரொன்றில் சீ.வீ.ரீ.யைப் பொருத்தி வேல்ஸ் நாட்டின் பெம்ப்ரே ஓடுபாதையில் பரிசோதித்தது. ஓட்டியவர் இளைஞரான டேவிட் கூல்தார்ட். கார் வளைவில் மெதுவானாலும், நேர்ப்பாதையில் பறந்தாலும், எஞ்சின் தன் உச்ச வலுவிலேயே ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தது. ஆனால் அது எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. 1994 ஆம் ஆண்டுக்கான விதிகள் குறிப்பிட்ட எண்ணிக்கையான கியர்கள் இருந்தேயாகவேண்டும் என்று கூறிச் சீ.வீ.ரீ.யைத் தடைசெய்தன. கிழவிகளின் கார் என்று சிரிக்கப்பட்ட பொறிமுறையை, அதிவேக மனிதர்களின் களத்தில் ஓடவிடாமலே நிறுத்தினார்கள்.

இன்று சீ.வீ.ரீ. ஜப்பானியச் சிறு கார்களின் வழக்கமான பெட்டியாகிவிட்டது. நம் நாட்டில் 2010களின் நடுப்பகுதியில் ஊருக்கு ஊர் நிறைந்த சுசுக்கி வகன்-ஆர் ஹைபிரிட் கார்கள் அதற்கு உதாரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டதால், அந்தக் கார்களே கைமாறிக் கைமாறி இன்னமும் ஓடுகின்றன. அவற்றைப் பற்றிய குறைகளையும் மறைக்கவேண்டியதில்லை. அதற்குரிய எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாவிட்டால், அல்லது வேறு எண்ணெயை ஊற்றிவிட்டால், பட்டியும் கப்பியும் தேய்ந்துபோகும். மனுவலின் கிளச்சை ஊர்க் கராஜில் மாற்றிவிடலாம்; இதனைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு, செலவும் மிக அதிகம். அக்சிலேற்றரை மிதித்தால் முதலில் சத்தம் எழுகிறது, வேகம் பிறகே வருகிறது என்ற மனக்குறையும் பலருக்கு உண்டு. அதற்கு நிறுவனங்கள் கண்ட மருந்து விசித்திரமானது. படியே இல்லாத பெட்டியில், படிகள் இருப்பதுபோல் நடிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பழகிய காதுக்காக இயந்திரம் வேடம் போடுகின்றது.

இதற்கிடையில் எரிபொருள் பற்றிய பழைய வாதமும் தலைகீழாகியது. எட்டு, ஒன்பது, பத்து கியர்களும் கணினியும் கொண்ட புதிய ஓட்டோக்கள் பல கார்களில் மனுவலை விடக் குறைந்த எரிபொருளில் ஓடுகின்றன. இரண்டு கிளச்சுகளைக் கொண்டு கண்ணிமைப்பில் கியர் மாற்றும் பெட்டி 1980களில் பந்தயக் கார்களிலும், 2003 இல் வொக்ஸ்வாகனின் வீதிக் காரிலும் வந்தது. மாருதி நிறுவனம் 2014 இல் இந்தியாவில் செலேரியோ காரை வெளியிட்டபோது, மனுவல் பெட்டியையே வைத்துக்கொண்டு, கிளச்சை மிதிக்கும் வேலையை மட்டும் இயந்திரத்திடம் ஒப்படைத்த மலிவான ஓட்டோவைத் தந்தது.

அப்படியானால் மனுவலைக் கொண்டாடுவோர் கூறுவதெல்லாம் வெறும் பழமைப் பற்றா? அவ்வாறு கூற என்னால் முடியாது. அதற்கு என் சொந்த அனுபவமே சாட்சி.

1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலம். பத்திரிகைத் தாளுக்கும் தட்டுப்பாடு. அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சாகிய நாட்களும் உண்டு. எங்கள் அலுவலகத்தில் ஒரு பழைய ஒஸ்ரின் ஏ-40 இருந்தது. சில சொட்டுப் பெற்றோலில் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும். பற்றரி என்பது பெயருக்கு மட்டும். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமமே எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அந்தக் காரில் இரண்டு முதியவர்களும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் சில மூட்டைகளும் இருந்தன. நான் பக்கத்தில் நடந்தேன். மழை. நடையை விட மெதுவான நகர்வு. சாரதி அண்ணை முதலாம் கியரில், கிளச்சைப் பாதி மிதித்தபடி, மணித்தியாலக் கணக்கில் அந்த வண்டியை நகர்த்தினார். நாவற்குழிக்கு அண்மையில் எஞ்சின் நின்றுவிட்டது.

"தம்பியவை, ஒருக்கால் தள்ளிவிடுங்கோ" என்றார். முன்னேயிருந்தவர்கள் விலகினார்கள், முகந்தெரியாத பத்துப் பேர் தள்ளினார்கள். இரண்டாம் கியரில் போட்டுக் கிளச்சைச் சடாரென்று விட்டார். கார் உதறி எழுந்தது. இக்கால ஓட்டோ கார் எதனையும் அவ்வாறு தள்ளி எழுப்பமுடியாது. எஞ்சின் நின்றால் எண்ணெய் அழுத்தமும் நின்றுவிடும். சில்லுகள் உருண்டாலும் எஞ்சினை அவை தொடா. அன்றிரவு எங்களுக்குத் தேவைப்பட்டது எதனையும் தானே செய்யும் அறிவான இயந்திரமல்ல. பழுதானாலும் பத்துக் கைகளால் எழுப்பக்கூடிய எளிய இயந்திரமே. அந்த அண்ணையின் இடது கால் அன்று செய்த வேலையை நான் எக்காலத்திலும் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

மலையகத்து இறக்கங்களிலும் அந்த அறிவுக்கு இன்னமும் தேவை உண்டு. கடுகண்ணாவையிலோ இறம்பொடையிலோ இறங்கும்போது பிறேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். மனுவல் ஓட்டியவர் குறைந்த கியருக்கு மாறி எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தப் பழகியவர். ஓட்டோவிலும் சீ.வீ.ரீ.யிலும் 'எல்' அல்லது 'பி' என்ற நிலை அதற்காகவே இருக்கின்றது. ஆனால் 'ட்ரைவ்' என்ற ஒரே எழுத்தோடு ஓட்டம் முடிந்துவிட்டதாக எண்ணுவோர் அதனைத் தொடுவதேயில்லை. இயந்திரம் வேலையைக் குறைத்துத் தரலாம். அதன் இயல்பை அறிந்துகொள்ளும் பொறுப்பு ஓட்டுபவருடையதே.

ஆகவே எது சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. எங்கே, எப்போது, யாருக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். நாவற்குழியில் மனுவல். ஆனையிறவில், என் நண்பருக்கு, சீ.வீ.ரீ. வீரம், சோம்பல், ஆண்மை, கிழவி என்ற சொற்கள் இந்த விவாதத்தில் நூறாண்டுகளாக அடிபடுகின்றன. ஆனால் வரலாற்றில் ஒவ்வொரு முறையும் இலகுவாக்கப்பட்ட பெட்டி, அதற்கு முன்னர் வீதிக்கு வரமுடியாதிருந்த யாரோ சிலரை வீதிக்குக் கொண்டுவந்தது. அந்தச் சிலரைக் கணக்கில் சேர்க்காத எந்த ஒப்பீடும் முழுமையற்றது.

இந்த விவாதமே இன்னும் எத்தனை காலத்துக்கு என்பது இன்னொரு கேள்வி. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையையும் தரும். ஆகவே பெரும்பாலான மின்சாரக் கார்களுக்கு மாறும் கியரே இல்லை. பேர்தா பென்ஸ் குறைகண்ட அந்தப் பிறவிக் குறை, எஞ்சினோடு சேர்ந்து மறையப்போகின்றது. ஆனாலும் 2023 இல் வெளிவந்த ஹியுண்டாய் அயொனிக் 5 என் என்ற மின்சாரக் காரில், இல்லாத கியர்களை மாற்றுவதுபோன்ற உதறலையும் ஓசையையும் செயற்கையாக உண்டாக்கித் தருகின்றனர். இழந்ததை எண்ணி ஏங்கும் மனத்துக்கு அதுவும் ஒரு சந்தை.

அன்று யாழ்ப்பாணம் சென்றடைந்தபோது இருட்டிவிட்டது. நண்பர் காரை முற்றத்தில் நிறுத்தி, இரு கைகளாலும் தம் இடது தொடையைத் தூக்கி வெளியே வைத்து, மெதுவாக எழுந்தார். மருமகன் ஓடிவந்து கை கொடுத்தார்.

"மாமா, நாளைக்குக் கீரிமலைக்கு நான் ஓடட்டே?" என்று கேட்டார்.

"வேண்டாம் தம்பி, நான் ஓடுறன். நீர் ஊரைப் பாத்துக்கொண்டு வாரும்" என்றார் நண்பர்.